அன்னைக்கு வந்தது யாரு

அண்ணாச்சி, அந்தப் பைய காலுக்கடியில தள்ளிராதீங்க. இங்கன குடுங்க, மடியில வச்சுக்கிடுதேன். காராச்சேவு, நொறுங்கிரும். சாத்தூர்ல ஏறுத ஆளு கையில வேற என்ன இருக்கப் போவுதுங்கியளா? அதுவும் சரிதான். ஆனா இது திங்கதுக்கு வாங்குனதில்ல. நாளைக்கு ஆடி அமாவாசைல்லா, பாபநாசத்துல ஆத்தங்கரையில வைக்கதுக்கு. என் வீட்டுக்காரிக்கு. படையலுக்குக் காராச்சேவான்னு முழிக்காதீங்க, கடைக்காரனும் இப்படித்தான் முழிச்சான். அதுக்குக் கீழ இருக்கது தொலி உரிக்காத கறுப்பு உளுந்து, அரைக் கிலோ. அது வேற ஆளுக்கு. சொல்லுதேன்.

நீங்க திருநெல்வேலிக்கா? நல்லதாப் போச்சு. நான் பாளையங்கோட்டை. பேரு சங்கரலிங்கம். கவர்மெண்ட் பஸ்ஸுல ட்ரைவரா இருந்து ரிட்டையர் ஆனவன். முப்பத்தோரு வருசம், இதே ரோடுதான், திருநெல்வேலி–திருச்சி. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வீடு. ஒரு உசிரு என் வண்டியில அடிபட்டது கிடையாது. நாய் கிடையாது, ஆடு கிடையாது, ஒரு கோழிக்குஞ்சு கிடையாது. மெடல் குடுத்தாங்க. அத வீட்டுல மாட்டி வச்சிருந்தேன். இப்பக் கழட்டிட்டேன்.

ஏன் கழட்டுனேன்னு கேக்கியளா? அதத்தான் சொல்ல வாரேன்.

என் வீட்டுக்காரி பேரு ஆவுடையம்மா. ரெண்டு வருசத்துக்கு முன்ன ஆனி மாசம் போயிட்டா. காலையில காப்பி போட்டுக் குடுத்தா, டம்ளரக் கழுவப் போனா, அடுப்படியில அப்படியே உக்காந்துட்டா. அவ்வளவுதான். காரியமெல்லாம் குறையில்லாமச் செஞ்சேன். பதினாறாம் நாள் மொட்டை மாடியில காக்காய்க்குச் சோறு வச்சேன். காக்கா வரல. சரி, அன்னைக்கு வெயிலு. மறுநாள் வச்சேன். வந்திச்சு, கைப்பிடிச் சுவர்ல உக்காந்து கழுத்தச் சாச்சு ஒரு பார்வை பாத்திச்சு, பறந்து போயி அடுத்த வீட்டு மாடியில கெடந்த காஞ்ச தோசையத் தின்னுச்சு. என் சோத்தத் தொடல.

ஒரு வருசம் அண்ணாச்சி. ஒரு வருசமும் வச்சேன். அவளுக்குப் பிடிச்ச உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், பக்குவமா நானே பொங்கி வச்சேன். அடுப்புப் பக்கமே போகாதவன், கையெல்லாம் சுட்டுக்கிட்டுப் படிச்சேன். ஒரு பருக்கை எடுக்கல சவத்துக் காக்கா. அடுத்த வீட்டு அம்மா சுவத்துக்கு மேல எட்டிப் பாத்துச் சொல்லுதா, “ஆவுடை அக்காவுக்கு மனசுல என்ன குறையோ”ன்னு. என்ன குறை? நீங்க சொல்லுங்க. ஒண்ணாந்தேதி ஆனா சம்பளம் கைக்கு வந்துரும். குடி கிடையாது. ஒரு நாள் கை நீட்டுனது கிடையாது. என்ன குறை வச்சேன்?

மகன் சண்முகவேலு அமெரிக்காவுல இருக்கான், கலிபோர்னியாவுல. “தனியா இருந்து காக்காயோட சண்ட போட்டது போதும், வாங்கப்பா”ன்னு டிக்கெட் போட்டுட்டான். போனேன். மருமக சுகந்தி ஈரோட்டுப் பக்கம், நல்ல பிள்ளை. பேத்தி ஆதிரை, அப்ப ஒம்பது வயசு. அது எங்கிட்ட ஒட்டிக்கிட்டுது பாருங்க, கோந்து போட்டு ஒட்டுன மாதிரி. காலையில எந்திரிச்சா தாத்தா, ராத்திரி படுக்கையில தாத்தா. பஸ் கதை சொல்லு தாத்தாங்கும். கோயில்பட்டி மேட்டுல பிரேக் போன கதைய எத்தன தடவ சொன்னேன்னு எனக்கே தெரியாது.

அப்பதான் மகன் சொல்லுதான், ஆனி மாசக் கடைசியில பெரிய பார்க்குக்குப் போறோம்னு. பார்க்குன்னா ஊஞ்சல் கட்டித் தொங்குத பார்க் இல்ல. காடு, மலை, அருவி எல்லாம் சேந்தது. பேரு எனக்கு வாயில நுழையல. குத்தாலத்த விடக் கூட்டம். தங்க எடம் வேணும்னா ஆறு மாசம் முன்னக்கூட்டியே கம்ப்யூட்டர்ல பதியணும், அதுவும் காலையில திறந்த நிமிசத்துல தீந்துரும். அப்படிப் பதிஞ்ச தேதி எதுல வந்து விழுந்திச்சு தெரியுமா? ஆவுடைக்கு வருசத் தெவசம்.

“பெத்தவ தெவசத்தன்னைக்கு ஊர் சுத்தப் போறியால”ன்னு கேட்டேன். அவன் பொறுமையாத்தான் சொன்னான், “அம்மா ஆசைப்பட்டாப்பா. வீட்டு வண்டியில போவணும்னு அம்மா ஆசைப்பட்டா”ன்னான்.

அது நெசந்தான். வீட்டு வண்டின்னா, லாரி அளவுக்கு ஒரு வண்டி. உள்ள கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், கக்கூஸ், குளிக்க எடம், எல்லாம் உண்டு. ட்ரைவர் தலைக்கு மேல ஒரு படுக்கை. முன்ன ஒரு தடவ மகன் அதப் போட்டோ எடுத்து போன்ல அனுப்பிருந்தான். ஆவுடை அத ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா. “ஏங்க, வண்டிக்குள்ளயே அடுப்பும் கட்டிலுமா? அப்ப ட்ரைவரு பொண்டாட்டியும் கூடவே போலாமே”ன்னா. நான் பேப்பர் பாத்துக்கிட்டிருந்தேன். “போயி சோலியப் பாரு”ன்னேன்.

அவளுக்கு அந்த ஆசை எப்பவும் உண்டு. கல்யாணம் ஆன புதுசுல ஒரு கூத்துப் பண்ணுனா. அவளுக்குப் பொறந்த வீடு கோயில்பட்டி. அங்க போனவ, என் வண்டி வார நேரம் பாத்து ஸ்டாண்டுல நின்னு, ஏறிட்டா! டிக்கெட் எடுத்து, எனக்கு இடது பக்கம் முன் சீட்டுல உக்காந்துட்டா. ஆமா, இந்த நீங்க உக்காந்திருக்க சீட்டேதான். கண்ணாடியில பாக்கேன், புதுச் சேலை, தலை நெறயப் பிச்சிப்பூ, என்னப் பாத்துச் சிரிக்கா. கண்டக்டர் மாரியப்பன் சும்மா இருப்பானா? “என்ன ட்ரைவரே, வீட்டையே வண்டியில ஏத்தியாச்சு போல”ன்னு சத்தமாக் கேட்டுட்டான். பஸ்ஸே சிரிச்சிது. எனக்கு மானம் போயிட்டு. டூட்டின்னா டூட்டி அண்ணாச்சி. சாத்தூர் வந்ததும், “இறங்கு, எதுப்புறம் வார வண்டியப் பிடிச்சுப் போ, வேணுங்கத வாங்கிச் சாப்பிட்டுக்கோ”ன்னு சொல்லி இறக்கிவிட்டேன். அவளும் சிரிச்சிக்கிட்டேதான் இறங்குனா. பெறகு கேக்கவே இல்ல. தங்கமான குணம்.

சரி, பார்க்குக் கதைக்கு வாரேன்.

மகன்தான் ஓட்டுனான். நான் பக்கத்துல. அவன் திருப்புத திருப்பு சரியில்ல. பெரிய வண்டியில பின்பக்கம் எங்க போவுதுன்னு பாக்கணும்லா? “கண்ணாடியப் பாருல, கண்ணாடியப் பாருல”ன்னு ஏழு மணி நேரமும் சொல்லிக்கிட்டே போனேன். சுகந்தி காதுல எதையோ மாட்டிக்கிட்டா. போய்ச் சேந்தோம். என்னா மரம்! நாலு பஸ்ஸ நிமித்தி வச்ச உயரம். தென்காசிச் சாரல் மாதிரி ஒரு குளிர்ச்சி. ஆவுடை இருந்திருக்கணும்னு அப்பவே தோணிச்சு.

வண்டி நிறுத்துன எடத்துல ஒரு போர்டு, அதுல கரடிப் படம். பக்கத்துல பீரோ மாதிரி ஒரு இரும்புப் பெட்டி. திங்குத சாமான் பூராத்தையும் அதுக்குள்ள வச்சுப் பூட்டணுமாம். சோப்பக் கூட. பச்சை டவுசர், தொப்பி போட்ட ஒரு வனத்துறை அம்மா வந்து சொன்னா, மகன் எனக்குத் தமிழ்ல சொன்னான். எந்த மிருகத்துக்கும் எதையும் போடக்கூடாது, அணிலுக்குக் கூட. மனுசச் சோறு ருசி கண்ட கரடி காட்டுக்குத் திரும்பாது, மனுசன் இருக்க எடத்துக்கே வரும்னு. நான் தலைய ஆட்டுனேன். பிள்ளைகளுக்குன்னு ஒரு புத்தகம் குடுத்தாங்க. அத எழுதி முடிச்சா, கையத் தூக்கி உறுதிமொழி எடுக்கணும். இந்தக் காட்டக் காப்பாத்துவேன், மிருகத்துக்குத் தீனி போடமாட்டேன், போடவும் விடமாட்டேன்னு. ஆதிரை எடுத்திச்சு. சட்டையில ஒரு பேட்ஜ் குத்திவிட்டாங்க. பிள்ளைக்குப் பெருமை தாங்கல, சட்டைய மாத்தவே மாட்டேன்னிட்டு. நாந்தான் மொதல்ல கை தட்டுனேன்.

மறுநாள் காலையில நான் எப்பவும் போல சோறு வச்சேன்.

இருங்க, இருங்க. நான் மிருகத்துக்கு வைக்கல. ஆவுடைக்கு வச்சேன். காக்காய்க்கு வைக்கது மிருகத்துக்கு வைக்கதா? அந்த அம்மா சொன்னது எனக்கில்லன்னுதான் மனசுல பட்டுது. வண்டிக்குப் பின்னால ஒரு தட்டையான பாறை. பேப்பர் தட்டுல ஒரு கை உளுந்தஞ்சோறு, அவ்வளவுதான். வச்சுட்டுக் கா கான்னு ரெண்டு தடவதான் கூப்பிட்டிருப்பேன். மரத்துல இருந்து ஒண்ணு இறங்கிச்சு. நம்மூர்க் காக்காய விட ரெண்டு மடங்கு பெருசு, முழுக் கறுப்பு. சளி பிடிச்சா ஆவுடைக்குத் தொண்டை கட்டும், அது கத்துனதுலயும் அதே கரகரப்பு. நேரா வந்து, என்னப் பாத்துக்கிட்டே, தின்னுச்சு. தட்டு காலி.

ஒரு வருசம் கழிச்சுத் தின்னுச்சு அண்ணாச்சி! நான் பாறையப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேன். செத்தன்னைக்குக் கூட அப்படி அழல. திரும்பிப் பாத்தா ஆதிரை நிக்கு. “தாத்தா, இது ரூல் இல்லையே”ன்னு பேட்ஜத் தொட்டுக்கிட்டுக் கேக்குது. நான் சொன்னேன், “அது பறவை இல்ல தாயீ, பாட்டி. இத்தன நாளாத் தாத்தாமேல கோவமா இருந்தா, இன்னைக்குத்தான் வந்திருக்கா. அப்பாகிட்டச் சொன்னா தடுத்துருவான், பாட்டி திரும்பிப் போயிருவா.” பிள்ளை காலித் தட்டப் பாத்திச்சு. பெறகு, “பாட்டின்னா ஓக்கே”ன்னிச்சு. சத்தியம் வாங்கிக்கிட்டேன்.

அடுத்த நாள் தெவசம். மகன் வண்டிக்குள்ளயே போட்டோ வச்சு மாலை போட்டான். நான் அடுப்புல ஒரு பானை உளுந்தஞ்சோறு பொங்குனேன். பாதிய யாருக்கும் தெரியாமப் பாறையில கொண்டுபோய்க் கொட்டுனேன். மூணாம் நாளும் வச்சேன். அன்னைக்குச் சாயந்தரம் போய்ப் பாத்தா தட்டக் கூடக் காணும். ஆவுடை உறவுக்காரங்களையும் கூட்டிட்டு வந்திருப்பான்னு நெனச்சுச் சந்தோசப்பட்டேன். புத்தி அப்படி.

நாலாம் நாள் காலையில நான் இன்னும் சோறு வைக்கல. பல் தேய்ச்சுக்கிட்டு நிக்கேன். பாறையில கரடி. காதுல மஞ்சப் பட்டை, அதுல நம்பர். பாறைய நக்கிட்டு, நிமுந்து மூக்கத் தூக்கி மோந்து பாத்திச்சு. பெறகு பைய நடந்து எங்க வண்டிக்கு வந்திச்சு. ஜன்னல்ல ரெண்டு கையையும் வச்சு, உள்ள எட்டிப் பாக்குது. அடுப்படி ஜன்னல். வாசனை அங்கருந்துதான வந்திருக்கும். உள்ள ஆதிரை. பிள்ளை கத்தவே இல்ல, அப்படியே நிக்குது. நான் பிரஷ்ஷோட அலறுனேன். ஜன்னல் வலையக் கிழிச்சிட்டுது. சனமெல்லாம் சட்டியத் தட்டிக்கிட்டு ஓடிவந்ததும்தான் போச்சு. யாருக்கும் ஒரு கீறல் கிடையாது.

மத்தியானம் அந்த வனத்துறை அம்மா வந்தா. தொப்பியக் கழட்டிக் கையில வச்சிருந்தா. பாறையப் பாத்தா, ஒட்டியிருந்த பருக்கையப் பாத்தா. யாரு வச்சதுன்னு கேட்டா. இங்கிலீசு தெரியாட்டியும் அந்தக் கேள்வி எனக்குப் புரிஞ்சிது. மகன் என்னப் பாத்தான். நான் குனிஞ்சு செருப்பப் பாத்தேன். அறுபத்தெட்டு வயசு மனுசன், செருப்பப் பாத்துக்கிட்டு நிக்கேன். ஆதிரை முன்னால போயி என்னமோ சொல்லிச்சு. “எனக்குத் தெரியும், நான் சொல்லல”ன்னு சொல்லிச்சாம். சொல்லிட்டு, அந்தக் கரடி எங்கன்னு கேட்டிச்சு.

அந்த அம்மா குத்துக்கால் போட்டு உக்காந்து பிள்ளைகிட்டப் பைய சொன்னா, மகன் எனக்குத் தமிழ்ல சொன்னான். அது பொட்டக் கரடி. முன்னயே ஒரு தடவ பிடிச்சு தூரமாக் கொண்டுபோய் விட்டிருக்காங்க. இப்ப ஆளு இருக்க வண்டியிலயே கை வச்சிட்டுது. இனி விடமுடியாதுன்னு முடிச்சிட்டாங்க. சுட்டாங்களா ஊசி போட்டாங்களா, நான் கேக்கல. சொல்லும்போது அந்த அம்மாவுக்கே கண்ணு கலங்கிட்டு. ஆதிரை அழல. சட்டையில இருந்த பேட்ஜக் கழட்டி நீட்டிச்சு. அந்த அம்மா வாங்கமாட்டேன்னுட்டா. பிள்ளை அத மேசைமேல வச்சிட்டு வண்டிக்குள்ள போயிட்டு.

அன்னைக்கே கிளம்பிட்டோம். நான் கண்ணாடியப் பாருன்னு சொல்லல. பாதி வழியில நாந்தான் ஆரம்பிச்சேன், “நான் என்ன வேணும்னா செஞ்சேன்? அவளுக்குப் பிடிச்ச உளுந்தஞ்சோறு, ஒரு வருசமாத் தொடாதவ வந்து தின்னா...”ன்னு. பின்னால இருந்து சுகந்தி சொன்னா. அவ ஒரு நாளும் எதுத்துப் பேசுனதில்ல. “மாமா, அத்தைக்கு உளுந்து ஆகாதுங்க மாமா. வாயு. ஒரு வாய் வச்சாக்கூட நெஞ்சப் பிடிச்சுக்கும். எனக்குப் பிரசவம் பாக்க இங்க வந்தப்பவே சொன்னாங்க. அது உங்களுக்குப் பிடிக்கும்னுதான் பொங்குவாங்க.”

முப்பத்தெட்டு வருசம் அண்ணாச்சி. வாரத்துக்கு ஒரு தடவயாவது பொங்கிருப்பா. அவ அத உக்காந்து தின்னு நான் பாத்திருக்கேனான்னு யோசிக்கேன், யோசிக்கேன், ஒரு நாள் கூட ஞாபகத்துல வரல. நான் சாப்பிட்டு எந்திரிச்ச பெறகுதான அவ உக்காருவா. அவ தட்டுல என்ன இருந்திச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

“பின்ன அவளுக்கு என்னல பிடிக்கும்?”னு மகன்கிட்டக் கேட்டேன். அவன் ரோட்டப் பாத்துக்கிட்டே சொன்னான், “காராச்சேவு. சாத்தூர்க் காராச்சேவு. அம்மா எங்கிட்ட எத்தன தடவ சொல்லிருக்கா, ‘ஒங்க அப்பா வண்டியில நானும் ஒரு தடவ போயிருக்கேன்டா. முன் சீட்டு. சாத்தூர்ல இறங்கி ஒங்க அப்பா எனக்குக் காராச்சேவு வாங்கிக் குடுத்தாவ. பெஞ்சுல உக்காந்து தின்னேன். அந்த ருசி பெறகு எதுலயும் இல்ல’ன்னு. அத ஒண்ணத்தான்பா திரும்பத் திரும்பச் சொல்லுவா.”

நான் வாங்கிக் குடுக்கல அண்ணாச்சி.

வேணுங்கத வாங்கிச் சாப்பிடுன்னு சொன்னேன்னு இப்ப உங்ககிட்டச் சொன்னேனே, அதுவும் பொய்யி. ஒண்ணும் சொல்லல. “இறங்கு”ன்னு மட்டும்தான் சொன்னேன். அவ முகத்தக் கூடப் பாக்கல, கண்ணாடியிலதான் பாத்தேன். தானே வாங்கித் தின்னுட்டு, நான் வாங்கிக் குடுத்தேன்னு மகன்கிட்டச் சொல்லி வச்சிருக்கா. அவன் இன்னைக்கும் அத நம்பிக்கிட்டிருக்கான். அவன்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்லுதேன்.

ஆதிரை அதுக்குப் பெறகு எங்கூடப் பேசல. ஊருக்குத் திரும்புதன்னைக்கு ஏர்போர்ட்டுல மட்டும் கிட்ட வந்திச்சு. கட்டிப்பிடிக்கப் போவுதுன்னு நான் குனிஞ்சேன். “தாத்தா, பாட்டிக்கு உளுந்தஞ்சோறு பிடிக்காதுன்னா, அன்னைக்கு வந்தது யாரு?”ன்னு கேட்டிச்சு. நான் பதில் சொல்லல. வருசம் ஒண்ணாச்சு. வாராவாரம் மகன் போன் பண்ணுவான், பிள்ளை போன வாங்காது. நான் பதில் சொன்னாப் பேசுமாம்.

வந்ததும் மெடலக் கழட்டி அலமாரிக்குள்ள போட்டேன். சாத்தூர்ப் பக்கம் வரவே ஒரு வருசமா தைரியம் இல்ல. இன்னைக்குத்தான் வந்தேன். அந்த பெஞ்சு இருந்த எடத்தையே மாத்திட்டானுவ, ஸ்டாண்டே புதுசு. ஒரு தூணோரமா நின்னு பாத்துட்டு, காராச்சேவு வாங்கிக்கிட்டு, எதுப்புறம் வார வண்டியப் பிடிச்சு ஏறிட்டேன். அவளும் இப்படித்தான போயிருப்பா. எந்த வண்டியில போனா, உக்கார எடம் கெடச்சுதா, எத்தன மணிக்கு வீடு சேந்தா, அதையும் கேட்டதில்ல.

இந்த உளுந்தா? இது அந்தக் கரடிக்கு. நாளைக்கு விடியமுன்ன பொங்கி எடுத்துட்டுப் போவேன். அய்யரு பேர் கேப்பாரு, பேர் தெரியாது. காதுல இருந்த நம்பர் தெரியும், நானூத்திப் பதினெட்டு. நம்பர் எனக்கு மறக்காது. என் சோத்த ஆசையாத் தேடி வந்தது அது ஒண்ணுதான்.

கோயில்பட்டி வருதா? வரட்டும். நாளைக்குக் காரியம் முடிஞ்சதும் ஆத்தங்கரையில இருந்தே போன் போடுவேன். பிள்ளை வாங்காட்டியும் அது காதுபட மகன் ஸ்பீக்கர்ல போடட்டும், நான் சொல்லிருவேன். அன்னைக்கு வந்தது பாட்டி இல்ல தாயீ. பாட்டி அங்க வரவே இல்ல. பாட்டிய நான் சாத்தூர்லயே இறக்கிவிட்டுட்டேன்.